கோப்பு முறைமைச் சிதைவும் தரவு மீட்பும்

ஹார்டு டிஸ்க்கில் எந்தக் கோப்பு எங்கே கிடக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பதிவேடு, அதாவது மீத்தரவு, கெட்டுப்போவதே கோப்பு முறைமைச் சிதைவு. கோப்புகள் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். போய்ச் சேரும் வழிதான் அழிந்திருக்கும்.

ஏலக்காய் ஏலத்தோடு ஒப்பிட்டால் இது எளிதில் புரியும். போடிநாயக்கனூரில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலத்துக்கு வரும் ஏலக்காய், லாட் லாட்டாக எண் பெறுகிறது. வியாபாரி பார்ப்பது சிறு மாதிரியை மட்டுமே. மூட்டைகளைக் காட்டிக்கொடுப்பது அந்த எண். லாட் பட்டியல் தொலைந்தால் காய் ஒரு கிராம்கூடக் குறையாது, ஆனால் விற்க முடியாது.

எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போவதும், பென்டிரைவைச் சட்டென்று பிடுங்குவதும் இந்தச் சிதைவுக்கு வழக்கமான காரணங்கள். இதை எதிர்பார்த்தே கோப்பு முறைமைகள் பதிவேட்டுக்கு நகல் வைக்கின்றன. பழைய ஃபேட் முறை வழக்கமாக இரண்டு அட்டவணைகளை வைத்திருக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், தலைமை அட்டவணையின் முதல் நான்கு பதிவுகளை மட்டும் வேறோர் இடத்தில் படியெடுக்கிறது. கஞ்சத்தனம்தான், ஆனால் மீதியைத் தேடத் தொடங்க அதுவே போதும். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வட்டில், 4 கேபி பிளாக் என்றால், கோப்பு முறைமையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்கின் முதல் நகல் 32768ஆம் பிளாக்கில் இருக்கும். அந்த எண்ணைக் கொடுத்து இ2எஃப்எஸ்சிகே என்ற பழுதுபார்க்கும் நிரலை ஓட்டினால் பல வட்டுகள் எழுந்து உட்கார்ந்துவிடும். பெயர் தொலைந்த கோப்புகளை அது 'லாஸ்ட்+ஃபவுண்ட்' அடைவில், கோப்பின் உள் அடையாளமான ஐனோடு எண்ணையே பெயராக வைத்துச் சேர்த்துவிடும்.

ஆனால் பழுதுபார்க்கும் நிரலும் வட்டில் எழுதும் நிரல்தான். அதனால் முதல் வேலை, டிடிரெஸ்க்யூ போன்ற கருவியால் முழு வட்டையும் வேறொன்றில் படியெடுப்பது. அது நல்ல பகுதிகளை முதலில் அள்ளிவிட்டு, முரண்டுபிடிக்கும் இடங்களுக்குப் பிறகு வரும். மற்ற சோதனைகளெல்லாம் அந்தப் படியில்தான். 'ஃபார்மேட் செய்யவா?' என்று திரை கேட்கும்போது பதற்றத்தில் 'சரி' சொல்லிவிடுகிறவர்கள் ஏராளம். குவிக் ஃபார்மேட் என்றால் வெற்றுப் பதிவேடு ஒன்று பழையதன்மேல் ஏறிவிடும்.

பதிவேடு அறவே போயிருந்தால், கிறிஸ்தோஃப் கிரேனியே உருவாக்கிய ஃபோட்டோரெக் உதவும். ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப் டி8 எஃப்எஃப் என்ற பைட்டுகளில் தொடங்கும். அத்தகைய அடையாளங்களை வைத்தே அது கோப்புகளைப் பொறுக்குகிறது. ஏலக்காயைச் சல்லடையில் போட்டால் 8 மில்லிமீட்டர் காயும் 7 மில்லிமீட்டர் காயும் பிரிந்துவிடும். எந்தத் தோட்டத்துக் காய் என்று சல்லடை சொல்லாது. இங்கும் அப்படியே: பெயரும் கோப்புறையும் திரும்பாது. துண்டு துண்டாகச் சிதறிக் கிடந்த கோப்பு பெரும்பாலும் பாதியிலேயே அறுந்து நிற்கும்.

எஸ்எஸ்டியில் இந்த வாய்ப்பும் குறைவு. அழித்த கோப்பின் இடங்களை இயங்குதளம் 'ட்ரிம்' கட்டளையால் தெரிவித்ததும், சாதனமே அவற்றைத் துடைக்கத் தொடங்கிவிடும்.