அளவுகோல் யார் கையில்?

நாடுகளை முன்னேறியவை என்றும் பின்தங்கியவை என்றும் வரிசைப்படுத்தும் வழக்கம் இன்று பள்ளிப் பாடநூல் வரை வந்துவிட்டது. அட்டவணை ஒன்று தீர்ப்புக் கூறிவிட்டால் அதற்கு மேல் வினா எழுவதில்லை. ஆனால் அளவுகோலும் மனிதர் ஆக்கிய கருவியே. அதனை ஆக்கியவர் யார், எதனை அறிய ஆக்கினர், எவரை அளக்காது விட்டனர் என்று கேளாதவரை, எண்கள் உண்மையை உணர்த்துவதிலும் பார்க்க மறைப்பதே மிகுதியாகும்.

இதற்கான பழைய சான்றொன்று நமது தீவுகளிலேயே உண்டு. நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆட்சி புரிந்த முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைக் கூறுவது. ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்திறங்கும் பரதேச வணிகருக்குப் பாதுகாப்பளிக்கும் அவ்வாணை, கப்பல் உடைந்தால் செய்யவேண்டியதையும் விதிக்கின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பலாயின் காற்பங்கு திறைசேரிக்கு, முக்காற்பங்கு உடையவனுக்கு. வேறு சரக்கேற்றிய கப்பலாயின் சரிபாதி. படைக்கு வேண்டியவற்றைக் கொணர்ந்தோனுக்குச் சலுகை மிகுதி என்பது வெளிப்படை. துறையின் செல்வம் அரசனுக்கு எவ்வளவு சேர்ந்தது என்பதனாலேயே அளக்கப்பட்டது. சரக்கைச் சுமந்த தோள்களைப்பற்றி அக்கல்லில் ஒரு சொல்லும் இல்லை.

பின்வந்த போர்த்துக்கேயர் இதே துறையிலிருந்து யானைகளை ஏற்றினர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நிலத்தையும் குடியையும் தோம்பு ஏடுகளில் பதிந்தனர். எவ்வளவு வரி பெறலாம், எத்தனை பேரிடம் ஊழியம் கொள்ளலாம் என்பனவே ஏட்டின் வினாக்கள். குடியானவனின் குழந்தை பிழைத்ததா, அவன் வீட்டில் அடுப்பெரிந்ததா என்பன அங்கு வினாக்களே அல்ல.

ஐரோப்பாவிலும் கதை வேறல்ல. 1696இல் கிரகரி கிங் என்பார் இங்கிலாந்து, பிரான்சு, ஒல்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் வருமானத்தையும் கணித்து ஒப்பிட்டார். இங்கிலாந்து இன்னும் எவ்வளவு காலம் போரைத் தாங்கும் என்று அறிவதே அன்றைய தேவை. நாடுகளை ஒப்பிடும் கணக்கு, போர்ச் செலவின் கணக்காகவே வளர்ந்தது.

அந்த அளவுகோலை ஆளப்படுவோர் பக்கத்திலிருந்து கையிலெடுத்தவர் தாதாபாய் நவுரோஜி. பிரித்தானிய இந்தியாவில் ஒருவரின் தலா வருமானம் ஆண்டுக்கு இருபது ரூபா அளவினதே என அவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கணித்தார். அதனைச் சிறைக் கைதியின் உணவுக்கும் உடைக்கும் அரசு செலவிட்ட தொகையோடு ஒப்பிட்டு, குற்றமற்ற உழவன் குற்றவாளியிலும் கீழாக வாழ்வதை எடுத்துக்காட்டினார். எண் ஆட்சியாளரின் ஏட்டிலிருந்து வந்ததே. வினா மட்டும் மாறியது. வினா மாறவே எண் குற்றச்சாட்டாயிற்று.

1934இல் அமெரிக்கத் தேசிய வருமானக் கணக்கை வகுத்தளித்த சைமன் குஸ்நெற்ஸ், ஒரு நாட்டின் நலத்தை அதன் வருமானத்தைக் கொண்டு மட்டும் முடிவுசெய்யலாகாதென அந்த அறிக்கையிலேயே எச்சரித்தார். உலகம் கணக்கை ஏற்றது, எச்சரிக்கையை மறந்தது.

அந்த மறதியை இலங்கையின் அனுபவம் கலைத்தது. 1946இல் இந்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 141 ஓராண்டு நிறையுமுன் இறந்தன. 1953இல் அத்தொகை 71 ஆயிற்று. வருமானம் ஏழாண்டில் இரட்டித்ததனால் நேர்ந்ததன்று இது. மலேரியா ஒழிப்பும், பரந்த மருத்துவ சேவையும், பங்கீட்டரிசியும் சேர்ந்து செய்த வேலை. 1945இல் தொடங்கிய இலவசக் கல்வி இதற்கு வலுச் சேர்த்தது. இவற்றை யாரும் தானமாகத் தந்தாரல்லர். 1931இல் பெற்ற சர்வசன வாக்குரிமையும் மக்களின் விழிப்புமே இவற்றைப் பெற்றுத்தந்தன. அரிசி விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது, 1953 ஆகஸ்ட் 12ஆம் நாள் நாடு கர்த்தாலில் எழுந்தது இதனாலேயே.

ஆகவேதான் 1979இல் மொறிஸ் டேவிட் மொறிஸ் எழுத்தறிவு, சிசு மரணம், ஆயுட்காலம் ஆகியவற்றால் ஒரு சுட்டெண்ணை அமைத்தபோது, ஏழை இலங்கை அதில் உயர்ந்து நின்றது. 1990இல் மஹ்பூப் உல் ஹக்கும் அமர்த்தியா சென்னும் முன்னின்று உருவாக்கிய மனித அபிவிருத்திச் சுட்டெண், ஆயுள், கல்வி, வருமானம் மூன்றையும் இணைத்தது. இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை.

எனினும் சராசரி என்பது சமமற்றவர்களைக் காகிதத்தில் சமமாக்கும் வித்தை. தேயிலை ஈட்டிய அந்நியச் செலாவணி நாட்டின் வருமானத்தில் எண்ணப்பட்டது; அதனைப் பறித்த தோட்டத் தொழிலாளரோ 1948இன் பிரசாவுரிமைச் சட்டத்தால் குடிமக்களாக எண்ணப்படவில்லை.

நமது வடபகுதிக்கு நேர்ந்தது இன்னும் வெளிப்படையானது. 1981இன் குடிசன மதிப்புக்குப் பின்னர், நாடு முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பு 2012இலேயே நடைபெற்றது. இடையே முப்பத்தொரு ஆண்டுகள். 1990இல் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்து, ஊர்கள் வெறிச்சோடியது இக்காலத்திலேயே. 2002ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவுக் கணிப்பு வடக்கையும் கிழக்கையும் சேர்க்கவில்லை. 2006-07இன் மக்கள்தொகை, சுகாதாரக் கணிப்பு வட மாகாணத்தைச் சேர்க்கவில்லை. உலகம் புகழ்ந்த 'இலங்கைச் சராசரி', பசியும் இடப்பெயர்வும் மிக்கிருந்த மாகாணத்தை வெளியே நிறுத்திவிட்டு எடுத்த சராசரி. அளக்கப்படாதவர் அட்டவணையைத் தாழ்த்துவதில்லை. ஆதலால் அவர் துயர் எவர்க்கும் இடையூறாவதுமில்லை.

அண்மைக்காலமும் ஒரு பாடம் தருகின்றது. உலக வங்கி 2019இல் இலங்கையை மேல் நடுத்தர வருமான நாடாக உயர்த்தி, 2020இல் மீண்டும் இறக்கியது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாதென அரசு அறிவித்தது. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் வரிசையில் நின்ற அவ்வாண்டிலும், மனித அபிவிருத்தியில் நாடு 'உயர்' வகுப்பிலேயே இருந்தது. முன்னைய தலைமுறைகள் ஈட்டிய ஆயுளும் கல்வியும் ஓராண்டில் கரைவதில்லை. முன்னோர் தேடிய முதல், இன்றைய பட்டினியை ஏட்டில் மூடிவிடுகின்றது.

இதனால் அளத்தலே வீண் என்று கொள்ளலாமா? கூடாது. அளவையை வெறுப்பவன், அதனைத் தனக்கேற்ப வளைப்பவனுக்கே துணைபோகின்றான். நெடுந்தீவைக் கருதுக. குறிகட்டுவானிலிருந்து படகேறியே அங்கு செல்லல் வேண்டும். மருத்துவமனை இத்தனை மைலுக்குள் உண்டு என்ற தேசியக் கணக்கில், கடுநோயாளியைச் சுமந்து படகு கடக்கவேண்டிய கடல் இடம்பெறுவதில்லை. குடிநீருக்காகப் பெண்கள் செலவிடும் நாழிகையும் இடம்பெறுவதில்லை. இவற்றை எண்ணத் தொடங்கினால், நாட்டின் நிலை வேறொரு முகம் காட்டும்.

ஆசிரியர்களாகிய நாம் மாணவருக்கு நாடுகளின் தரவரிசையை மனனஞ் செய்விப்பதோடு அமைதல் தகாது. ஒவ்வோர் எண்ணின் எதிரிலும் நின்று, இதில் எண்ணப்படாதவர் எவர் என்று கேட்கும் துணிவை அவர்க்கு ஊட்டுதல் வேண்டும். நவுரோஜி கேட்டது அவ்வினாவையே.