ஜமாலுத்தீன் ஆப்கானி: ஏகாதிபத்திய எதிர்ப்பும் அதன் வரலாற்று எல்லைகளும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்கூற்றிலே ஆசிய, ஆபிரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஐரோப்பிய வல்லரசுகளின் பிடிக்குள் வீழ்ந்துகொண்டிருந்தன. அவ்வீழ்ச்சியைத் தனித்தனி நாடுகளுக்கு நேர்ந்த துயரமாக அன்றி, ஒரே உலகளாவிய நிகழ்வின் பல்வேறு கூறுகளாக இனங்கண்டோர் அக்காலத்திலே மிகச் சிலரேயாவர். அவருள் ஒருவர் ஜமாலுத்தீன் ஆப்கானி (1838/39 - 1897). இந்தியா, ஆப்கானிஸ்தான், துருக்கி, எகிப்து, பிரான்ஸ், இங்கிலாந்து, ரஷ்யா, ஈரான் எனப் பல நாடுகளில் வாழ்ந்து, அவற்றுட் பலவற்றிலிருந்து துரத்தப்பட்டவர் அவர். பதவியோ படையோ நிலையான கட்சியோ அவருக்கு இருக்கவில்லை. எனினும் எகிப்தினதும் ஈரானினதும் நவீன அரசியல் வரலாற்றை அவரது பெயரைத் தவிர்த்து எழுதுதல் இயலாது.

ஆப்கானியைப் பற்றிய மதிப்பீடுகள் பொதுவாக இரு முனைகளில் நிற்கின்றன. ஒரு சாரார் அவரை மாசுமறுவற்ற மத மறுமலர்ச்சியாளராகப் போற்றுகின்றனர். எலி கெதூரி போன்ற மறுசாரார், அவர் உள்ளத்தில் ஒன்றும் புறத்தே வேறொன்றுமாக வாழ்ந்த நம்பிக்கையற்றவர் என நிறுவ முயன்றுள்ளனர். ஒன்றுக்கொன்று முரணானவைபோலத் தோன்றினும் இவ்விரு நோக்குகளும் ஓர் அடிப்படையில் ஒன்றுபடுகின்றன. இரண்டும் தனிமனிதரின் உள்ளத்தையே ஆராய்கின்றன. அவர் இயங்கிய சமுதாயத்தைப் பின்தள்ளிவிடுகின்றன. ஆப்கானியிடம் முரண்பாடுகள் உண்டு என்பதில் ஐயமில்லை. அவை எவ்வரலாற்று நிலைமையின் வெளிப்பாடுகள் என்பதே இங்கு எழுப்பப்பட வேண்டிய வினாவாகும்.

1

ஆப்கானி தாம் ஆப்கானிஸ்தானின் குனார்ப் பகுதியிலுள்ள அசதாபாத்திற் பிறந்தவரெனக் கூறிவந்தார். ஆயின் நிக்கி கெடி முதலான ஆய்வாளர் திரட்டிய சான்றுகள், அவர் ஈரானிலே ஹமதானுக்கு அண்மையிலுள்ள அசதாபாத்திற் பிறந்து, ஷீஆ மரபிற் கல்விகற்றவர் என்பதை ஐயந்திரிபறக் காட்டுகின்றன. சுன்னி முஸ்லிம்கள் பெரும்பான்மையினராய் வாழ்ந்த நாடுகளிலே தமது குரல் எடுபடவேண்டும் என்பதும், ஈரானிய அரசின் அதிகாரத்துக்குத் தாம் உட்படாதிருக்க வேண்டும் என்பதும் இம்மறைப்புக்கான காரணங்களாகலாம். ஈரானிய ஷீஆக் கல்விமரபில் இப்னு சீனா முதலியோரின் மெய்யியல் தொடர்ந்து பயிலப்பட்டு வந்தமையும் மனங்கொள்ளத்தக்கது. பகுத்தறிவின்மீது அவர் கொண்டிருந்த பற்றுக்கு ஐரோப்பா மட்டுமே ஊற்றுக்கண்ணன்று.

இளமையில் அவர் இந்தியாவுக்குச் சென்றார். 1857 ஆம் ஆண்டின் பேரெழுச்சியும் அதனைப் பிரித்தானியர் அடக்கிய கொடூரமும் நிகழ்ந்த காலப்பகுதி அது. அவரது வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த பிரித்தானிய எதிர்ப்பு இந்திய அனுபவத்திலேயே வேர்கொண்டதெனக் கருதுவது பொருத்தமாகும். 1866 முதல் 1868 வரை ஆப்கானிஸ்தானில் தங்கியிருந்து ஆஸம் கானின் ஆலோசகரானார். ஷேர் அலி கான் ஆட்சியைக் கைப்பற்றியதும் வெளியேற்றப்பட்டார். ஓர் ஆட்சியாளரின் செவியைப் பெற்று, அவர்வழி ஏகாதிபத்தியத்தை எதிர்க்க முனைவதும், பின்னர் அவ்வாட்சியின் கதவு மூடப்படுவதும் அவர் வாழ்விலே திரும்பத் திரும்ப நிகழ்ந்தன. இஸ்தான்புல்லில் 1870 இல் அவர் ஆற்றிய விரிவுரையொன்று, தீர்க்கதரிசனத்தைக் கைத்தொழில்களோடு ஒப்பிட்டதெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. உலமாக்களின் எதிர்ப்பினால் அந்நகரையும் விட்டு அவர் நீங்க நேர்ந்தது.

2

1871 முதல் 1879 வரையான எகிப்திய வாழ்க்கை ஆப்கானியின் வரலாற்றிலே மிக வளமான பகுதி. அக்கால எகிப்தின் நிலையை விளங்காது அவரது பணியை விளங்குதல் அரிது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது எகிப்தியப் பருத்திக்குக் கிடைத்த உயர்ந்த விலை, போர் முடிந்ததும் வீழ்ந்தது. இஸ்மாயிலின் ஆட்சியோ ஐரோப்பிய வங்கிகளிடம் தொடர்ந்து கடன்பட்டது. 1869 இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகள், 1875 இல் ஏறத்தாழ 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானிய அரசிடம் விற்கப்பட்டன. 1876 இல் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தது. கடன் மீட்பு ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 1878 இல் ஓர் ஆங்கிலேயரும் ஒரு பிரெஞ்சுக்காரரும் அமைச்சர்களாகவே அமர்ந்தனர். படைகள் வந்திறங்குவதற்கு முன்னரே நிதிமூலதனம் நாட்டைக் கைப்பற்றிவிட்டது. வட்டியின் சுமை வரியாக மாறி விவசாயியின் முதுகில் இறங்கியது.

இச்சூழலிலேயே ஆப்கானியின் கெய்ரோ இல்லமும் அவர் நாள்தோறும் அமர்ந்த கோப்பிக்கடையும் அரசியற் பாசறைகளாயின. முஹம்மத் அப்துஹு, ஸஃது ஸஃலூல் ஆகியோர் அங்கு உருவான மாணவர்கள். தம்மைச் சூழ்ந்தோரைப் பத்திரிகைத் துறையில் ஈடுபடுமாறு ஆப்கானி தூண்டினார். சிரியக் கிறிஸ்தவர்களான அதீப் இஸ்ஹாக், சலீம் அந்-நக்காஷ் ஆகியோரும், யூதரான யஃகூப் ஸனூவும் அவ்வட்டத்தைச் சேர்ந்தோரே. பின்னாளிலே சர்வ இஸ்லாமிய வாதத்தின் தந்தையென அழைக்கப்பட்டவரின் முதற் பெரும் அரசியல் வட்டம் மத எல்லைகளைக் கடந்து அமைந்திருந்தது என்பது அழுத்திக் கூறப்படவேண்டியதாகும்.

ஆயினும் இங்கும் அவரது நம்பிக்கை ஓர் இளவரசரிடமே தங்கிநின்றது. இஸ்மாயிலை அகற்றித் தௌபீக்கை அரியணையேற்றினால் அரசியலமைப்புச் சீர்திருத்தம் கைகூடுமென அவர் எதிர்பார்த்தார். 1879 யூனில் தௌபீக் ஆட்சிக்கு வந்தார். ஓகஸ்டில் ஆப்கானி நாடுகடத்தப்பட்டார். எதிர்பார்ப்புக்கும் ஏமாற்றத்துக்கும் இடையே இரு மாதங்களே இருந்தன.

அவர் அகன்றபின் எகிப்தில் எழுந்த ஒராபி பாஷாவின் தேசிய இயக்கம் 1882 செப்டெம்பரில் தெல் எல்-கெபீர்ப் போரிலே முறியடிக்கப்பட்டது. ஒராபியும் அவருடைய தோழர் அறுவரும் 1883 சனவரியில் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டனர். அவ்வேளையிலே எம். சி. சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கிச் சில வாரங்களே கழிந்திருந்தன. 1892 இல் கொழும்பில் நிறுவப்பட்ட அல்-மத்ரஸதுஸ் ஸாஹிராவின் தோற்றத்தில் இவ்விருவரது ஒத்துழைப்பும் கலந்துள்ளது. ஆப்கானியின் எகிப்திய மாணாக்கர் பங்குகொண்ட ஓர் இயக்கத்தின் தோல்வி, இவ்வாறு இலங்கைச் சோனகரின் கல்வி விழிப்பிலே ஒரு துணைக்காரணியாயிற்று.

3

எகிப்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஆப்கானி 1882 வரை இந்தியாவில் வாழ்ந்தார். ஹைதராபாத்தில் இருந்தபோது பாரசீக மொழியில் அவர் எழுதிய, பொருள்முதல்வாதிகளை மறுக்கும் நூல் 1881 இல் வெளிவந்தது. கிரேக்க அணுவாதிகள் முதல் தம் காலத்துச் சமவுடைமைவாதிகள் வரை அனைவரையும் சமுதாயத்தின் கட்டுக்கோப்பைச் சிதைப்போராக அது சாடுகிறது. முற்போக்கு நோக்குடைய வாசகர் இந்நூலைக் கண்ட மாத்திரத்தே அவரைப் பிற்போக்குவாதியென ஒதுக்கிவிட முற்படலாம். அது அவசர முடிபாகும். அந்நூலின் உடனடி இலக்கு சேர் சையித் அஹ்மத் கானும் அவரது சார்பினருமேயாவர். மேனாட்டுக் கல்வியும் இயற்கைவாத விளக்கமும் அவர்களிடம் பிரித்தானிய ஆட்சிமீதான விசுவாசத்தோடு பிணைந்திருந்தன. ஆப்கானியின் சினம் அறிவியல்மீது எழுந்ததன்று. அறிவியலின் பெயரால் அடிமைத்தனம் நியாயப்படுத்தப்படுவதன்மீது எழுந்ததாகும். எனினும், அடிமைத்தனத்தைத் தாக்கப் புகுந்தவர் பொருள்முதல்வாதத்தையும் சமவுடைமையையும் சேர்த்துத் தாக்கினார் என்பது அவரது சிந்தனையின் குறைபாடே. அதனை மறைக்க வேண்டியதில்லை.

இக்கூற்றுக்கான சான்றை 1882 நவம்பரில் கல்கத்தாவில் அவர் ஆற்றிய உரையிலே காணலாம். அறிவை முஸ்லிம் அறிவென்றும் ஐரோப்பிய அறிவென்றும் பிரித்த உலமாக்களை அங்கு அவர் எள்ளி நகையாடினார். இரவு முழுவதும் விளக்கொளியில் பழைய ஏடுகளைப் படிப்போர், கண்ணாடிக் குழாயை அகற்றினால் அவ்விளக்கு ஏன் புகைகிறது என ஒருமுறையேனும் கேட்டதில்லையே என்பது அவர் விடுத்த கண்டனம். இந்திய இளைஞரைப் பண்டைய இந்தியாவின் அறிவுமரபுக்கு உரியோரெனப் பாராட்டினார். மொழியால் அமையும் தேசிய ஒருமையை வலியுறுத்தியும் அக்காலத்தில் எழுதினார்.

1883 இல் பாரிஸில் எர்னஸ்ட் ரெனானுடன் நிகழ்ந்த விவாதம் இதனை மேலும் தெளிவாக்குகிறது. இஸ்லாமும் அறபு மனமும் இயல்பாகவே அறிவியலுக்குப் பகையானவை என்றார் ரெனான். ஆப்கானியோ, மதங்கள் யாவுமே ஏதோவொரு கட்டத்தில் சுதந்திர சிந்தனையைத் தடைசெய்துள்ளன என்பதை ஒப்புக்கொண்டார்; ஆனால் கிறிஸ்தவ சமுதாயம் கடந்துவந்த தடையை முஸ்லிம் சமுதாயம் மட்டும் என்றென்றைக்கும் கடக்கமுடியாது என்னும் இனவாதக் கூற்றை மறுத்தார். இனத்தின் இயல்பு என எதிராளி கூறியதை வரலாற்றின் படிநிலை என அவர் எடுத்துக்காட்டினார். இப்பதில் பிரெஞ்சுமொழியில் வெளிவந்தது. அது அறபியில் வெளிவராமை குறித்து அவருடைய மாணவர் அப்துஹு ஆறுதல் அடைந்தார் என்பதையும் நாம் அறிவோம்.

கற்றோருக்கு மெய்யியல், பாமரருக்கு மதம் எனும் இவ்விரட்டைப் பேச்சு பழைய இஸ்லாமிய மெய்யியலாளரிடமிருந்து வந்த மரபு. ஆயின் அதன் அரசியல் விளைவு பாரதூரமானது. மக்கள் உண்மையை அறியத் தகுதியற்றோர் என்ற எண்ணத்தை அது உள்ளடக்கியது. மக்களை எழுப்ப விரும்பிய ஒருவர் அவர்களது அறிவை நம்பாதிருந்தமையே ஆப்கானியின் அடிப்படை முரண்பாடு எனலாம்.

4

1884 மார்ச்சு முதல் ஒக்ரோபர் வரை பாரிஸிலிருந்து ஆப்கானியும் அப்துஹுவும் வெளியிட்ட 'அல்-உர்வத்துல் வுத்கா' 18 இதழ்களே வெளிவந்தது. எகிப்திலும் இந்தியாவிலும் பிரித்தானியர் அதனைத் தடைசெய்தனர். இந்தியாவிலே மொழிவழித் தேசியத்தைப் பேசியவர் இங்கு முஸ்லிம் நாடுகளின் ஒற்றுமையைப் பேசினார். களத்துக்கும் கேட்போருக்கும் ஏற்பச் சுலோகம் மாறியது. பிரித்தானிய எதிர்ப்பு மாறவில்லை. இதன்பின் ரஷ்யாவில் 1887 முதல் 1889 வரை தங்கி, சார் அரசைப் பிரித்தானியாவுக்கு எதிராகத் தூண்டமுயன்றமை, ஒரு வல்லரசைக் கொண்டு இன்னொரு வல்லரசை வீழ்த்தலாம் என்ற மயக்கத்தின் விளைவேயாகும்.

இம்மயக்கங்களுக்கு மாறான ஓர் அனுபவத்தை ஈரான் வழங்கியது. 1890 மார்ச்சில் நாஸிருத்தீன் ஷா, ஈரானிய புகையிலையின் விளைவு, விற்பனை, ஏற்றுமதி ஆகிய அனைத்தின்மீதுமான தனியுரிமையை டால்பொட் என்ற ஆங்கிலேயருக்கு 50 ஆண்டுகளுக்கு அளித்தார். ஈடாகக் கிடைப்பது ஆண்டுக்கு 15,000 பவுணும் இலாபத்தில் நாலிலொரு பங்குமே. முன்னைய சலுகைகளிலிருந்து இது வேறுபட்டது. புகையிலை பயிரிட்டவன், விற்றவன், ஏற்றுமதிசெய்தவன், புகைத்தவன் ஆகிய எல்லோரது அன்றாட வாழ்விலும் அந்நிய மூலதனம் நேரடியாகக் கைவைத்தது.

அக்காலத்தில் ஈரானில் இருந்த ஆப்கானி, சலுகைகளைக் கண்டித்தமைக்காக ஷாவின் சினத்துக்கு ஆளாகித் தெஹ்ரானுக்கு அருகிலுள்ள ஷா அப்துல் அஸீம் அடக்கத்தலத்தில் அடைக்கலம் புகுந்தார். 1891 சனவரிக் கடுங்குளிரில் அப்புனித எல்லைக்குள்ளிருந்து இழுத்தெடுக்கப்பட்டு ஈராக் எல்லைக்கு அப்பால் தள்ளப்பட்டார். பஸ்ராவிலிருந்து, ஸாமர்ராவில் வாழ்ந்த ஷீஆத் தலைமை முஜ்தஹித் மிர்ஸா ஹஸன் ஷீராஸிக்கு அவர் எழுதிய கடிதம், நாட்டின் வளங்கள் அந்நியருக்கு விற்கப்படுவதைப் பட்டியலிட்டுக் கண்டித்தது. ஷீராஸ், தப்ரீஸ், இஸ்ஃபஹான் முதலிய நகரங்களில் வணிகரும் உலமாக்களும் நகர மக்களும் கிளர்ந்தெழுந்தனர். 1891 டிசம்பரில் ஷீராஸியின் பெயரால் வெளியான தீர்ப்பு புகைத்தலை விலக்கியது. நாடெங்கும் கடைகள் மூடப்பட்டன. ஷாவின் அந்தப்புரத்திலேயே ஹுக்காக்கள் கைவிடப்பட்டன. 1892 சனவரியில் சலுகை இரத்தாயிற்று.

இவ்வெற்றி ஆப்கானியின் தனிச் சாதனையன்று. பாதிக்கப்பட்ட வணிகரின் பொருளாதார நலன், உலமாக்களின் அமைப்புவலு, ரஷ்யாவின் பிரித்தானியப் போட்டி ஆகிய யாவும் அதில் இணைந்தன. ஒரு கருத்து, தன்னைத் தாங்கவல்ல சமுதாயச் சக்திகளைச் சந்தித்தபோதே பௌதிக சக்தியாயிற்று என்பதே முக்கியமானது. வெற்றியின் எல்லையும் உடன் வெளிப்பட்டது. கும்பனிக்கு நட்டஈடாக 5 இலட்சம் பவுணை ஷா கடனாகப் பெறநேர்ந்தது. சலுகை ஒழிந்தது, கடன் என்னும் புதிய விலங்கு பூட்டப்பட்டது. ஆட்சியமைப்பை மாற்றாமல் ஓர் ஒப்பந்தத்தை மட்டும் ஒழிப்பது போதாதென்ற பாடத்தை, 1905 இல் தொடங்கிய அரசியலமைப்புப் புரட்சியிலே ஈரானியர் செயற்படுத்த முனைந்தனர்.

5

ஆப்கானியின் இறுதி ஐந்தாண்டுகள் இஸ்தான்புல்லிலே சுல்தான் அப்துல் ஹமீதின் விருந்தினராகக் கழிந்தன. சர்வ இஸ்லாமியக் கருத்து சுல்தானுக்குத் தமது கொடுங்கோலாட்சிக்கு மெருகூட்டும் சாதனமாயிற்று; அதன் பரப்புநரோ ஒற்றர்களாற் சூழப்பட்ட கைதியானார். 1896 மே 1 ஆம் நாள், ஆப்கானி இழுத்தெடுக்கப்பட்ட அதே அடக்கத்தலத்தில், அவரது பற்றாளர் மிர்ஸா ரிஸா கிர்மானி நாஸிருத்தீன் ஷாவைச் சுட்டுக் கொன்றார். ஆப்கானியை ஒப்படைக்குமாறு ஈரான் கோரியது, சுல்தான் மறுத்தார். 1897 மார்ச்சு 9 இல் தாடைப் புற்றுநோயால் ஆப்கானி இறந்தார்.

அவர் இறுதிக்காலத்தில் எழுதியதாகக் கூறப்படும் கடிதமொன்று, தமது எண்ணங்களின் வித்துக்களை மக்கள் மனமாகிய நிலத்தில் விதையாது, அரசவைகளாகிய உவர்நிலத்தில் விதைத்து வீணாக்கியதாக வருந்துகிறது. கடிதத்தின் உண்மைத்தன்மை எவ்வாறாயினும், அத்தீர்ப்பை அவரது வாழ்வே மெய்ப்பிக்கிறது. தேசிய முதலாளி வர்க்கம் முதிராத, தொழிலாள வர்க்கம் தோன்றியிராத சமுதாயங்களிலே, ஏகாதிபத்தியத்தை எதிர்க்க முனைந்த அறிவாளி தனக்கான சமுதாயத் தளத்தைத் தேடி அரண்மனைக்கும் பள்ளிவாசலுக்கும் கடைவீதிக்குமிடையே அலைந்தான். ஆப்கானியின் அலைச்சல் அத்தேடலின் வடிவமே.

சர்வ இஸ்லாமியவாதம் விடுதலை உணர்வை நிலப்பிரபுக்களினதும் முல்லாக்களினதும் நிலையை வலுப்படுத்தப் பயன்படுத்துவதாக லெனின் 1920 இல் எச்சரித்தார். அப்துல் ஹமீதின் அரசவையை நோக்குவோர் அவ்வெச்சரிக்கையின் தகுதியை உணர்வர். அதேவேளை, மத மொழியிற் பேசிய காரணத்தால் ஓர் ஏகாதிபத்திய எதிர்ப்பைத் தள்ளிவிடுவதும் யாந்திரிகமான நோக்காகும். புகையிலைக் கிளர்ச்சியிலே மக்கள் பேசிய மொழி மதத்தினது. அவர்கள் காத்த நலனோ தமது உழைப்பினதும் சந்தையினதுமாகும். அம்மொழியைக் கேட்டு அந்நலனைக் காணத் தவறுவோர் மக்களையே காணத் தவறுவோராவர். மதச் சீர்திருத்தக்காரரை மதிப்பிடுகையில் முற்போக்காளர் கேட்கவேண்டியது அவர் எம்மொழியிற் பேசினார் என்பதையன்று. எவர் நலன் அப்பேச்சால் முன்னெடுக்கப்பட்டது, எவ்விடத்தில் அது தடைப்பட்டது என்பதையே. ஆப்கானி மக்களிடம் வந்தடைந்த இடத்தில் வரலாறு அசைந்தது. அரசர்களை நம்பிய இடங்களில் அவரே வெளியேற்றப்பட்டார்.