இருபத்தொரு தோல்விகளும் ஒரு குத்தகையும்: பால்டிமோர், 1988

அமெரிக்காவின் கிழக்குக் கரையிலுள்ள பால்டிமோர் நகரின் மெமோரியல் மைதானத்தில் 1988 மே 2 அன்று இரவு 50,402 பேர் திரண்டனர். அவர்கள் காண வந்த பால்டிமோர் ஓரியோல்ஸ் என்னும் பேஸ்பால் அணி, அந்தப் பருவத்தில் அதுவரை ஆடிய 24 ஆட்டங்களில் 23இல் தோற்றிருந்தது. முதல் 21 ஆட்டங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. வென்ற அணியை வரவேற்கக் கூட்டம் கூடுவது இயல்பு. தோற்றுத் திரும்பிய அணிக்கு ஒரு நகரம் விழா எடுத்தது ஏன்? விளையாட்டு ரசிகரின் பற்றைப் பித்து என்றோ பொழுதுபோக்கு என்றோ ஒதுக்கிவிட்டால் இக்கேள்விக்கு விடை கிடைக்காது. அந்தப் பற்றின் பின்னே ஒரு நகரத்தின் அச்சமும் சொத்துரிமை குறித்த நெடிய வழக்கும் இருந்தன.

முதலில் பேஸ்பாலின் கால ஒழுங்கைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒரு பருவத்தில் ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 1988இல் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் முதல் வாரம்வரை ஏறத்தாழ நாள்தோறும் ஆட்டம் இருந்தது. மிகச் சிறந்த அணியும் பருவத்துக்கு ஐம்பது, அறுபது முறை தோற்கும். ஆகவே ஏப்ரல் மாதத் தோல்வி எதுவும் தன்னளவில் பெரிதன்று. காலையில் செய்தித்தாளின் ஆட்ட அட்டவணையைப் பார்ப்பது, மாலையில் வானொலி வர்ணனையைக் கேட்பது, வார இறுதியில் மைதானத்துக்குச் செல்வது என ரசிகரின் உறவு அன்றாட வழக்கமாகவே உருப்பெறுகிறது. குளிர்காலம் கழிந்து அவ்வழக்கம் மீண்டும் தொடங்கும் முதல் ஆட்ட நாள் அமெரிக்க நகரங்களில் ஒரு குடிமை விழாவுக்கு நிகரானது.

பால்டிமோரில் அவ்விழா 1988 ஏப்ரல் 4 அன்று நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் முன்னிலையில் ஓரியோல்ஸ் மில்வாக்கி அணியிடம் 12–0 என வீழ்ந்தது. ஆறாவது தோல்விக்குப் பின் மேலாளர் கால் ரிப்கன் சீனியர் நீக்கப்பட்டார். அவருடைய இரு மகன்களும் அதே அணியில் ஆடிக்கொண்டிருந்தனர் என்பதால் அந்நீக்கம் ஒரு குடும்பத் துயரமாகவும் பார்க்கப்பட்டது. அவரிடத்துக்கு வந்தவர், அமெரிக்கப் பெரும் லீக்குகளின் முதல் கறுப்பின மேலாளராக 1975இல் கிளீவ்லாந்தில் பொறுப்பேற்றவரும், 1966இல் ஓரியோல்ஸின் முதல் உலகத் தொடர் வெற்றியில் பெரும் பங்காற்றியவருமான ஃபிராங்க் ராபின்சன். அவர் வந்தும் தோல்வி நிற்கவில்லை. பருவத் தொடக்கத்தில் தொடர்ந்து 13 தோல்விகள் என்பதே அதற்கு முந்தைய சாதனை. ஓரியோல்ஸ் அதைக் கடந்து 21இல் போய் நின்றது.

இந்நாட்களில் ரசிகர்கள் நடந்துகொண்ட விதம் கவனத்துக்குரியது. பாப் ரிவர்ஸ் என்ற உள்ளூர் வானொலி நிகழ்ச்சியாளர், அணி ஓர் ஆட்டத்தில் வெல்லும்வரை ஒலிபரப்பறையை விட்டு வெளியேறுவதில்லை என்று அறிவித்தார். பாடல்களுக்கு இடையே கண்ணயர்ந்து, அவர் 258 மணி நேரம் உள்ளேயே இருக்க நேர்ந்தது. ஏப்ரல் 29 அன்று சிகாகோவில் ஓரியோல்ஸ் 9–0 என வென்றபோதுதான் அவருக்கு விடுதலை கிடைத்தது. நாடு முழுவதும் அணியை எள்ளி நகையாடிய நேரத்தில், உள்ளூர்க்காரர்கள் அந்த நகைப்பைத் தாங்களே கைக்கொண்டு அதை ஒரு கூட்டுச் சடங்காக மாற்றினர். அடுத்த இரு ஆட்டங்களிலும் தோற்றுவிட்டுத்தான் அணி மே 2 அன்று ஊர் திரும்பியது.

இந்தப் பற்றின் வேரைக் காண 1984க்குச் செல்ல வேண்டும். அந்நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியான பால்டிமோர் கோல்ட்ஸ் வேறு நகருக்குப் போய்விடும் என்ற பேச்சு அப்போது வலுத்திருந்தது. பொது நோக்கத்துக்காகத் தனியார் சொத்தை அரசு கையகப்படுத்தும் அதிகாரத்தை, நில விவகாரங்களில் நாம் நன்கறிவோம். அதே அதிகாரத்தால் ஒரு விளையாட்டு அணியை நகரமே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் மசோதாவை மேரிலாண்ட் சட்டமன்றம் கையிலெடுத்தது. சட்டம் நிறைவேறுவதற்குள் மார்ச் 28 நள்ளிரவையொட்டி அணியின் உடைமைகள் அனைத்தும் லாரிகளில் ஏற்றப்பட்டு இண்டியானாபொலிஸ் நோக்கிப் புறப்பட்டன. காலையில் கண்விழித்த நகரத்துக்கு அணி இல்லை. பின்னர் நீதிமன்றத்துக்குச் சென்றும் பயன் கிட்டவில்லை. கோல்ட்ஸின் இசைக்குழு மட்டும் கலையாமல், அணியில்லாத ஊரில் ஆண்டுக்கணக்கில் வாசித்துக்கொண்டிருந்தது.

கோல்ட்ஸுக்கு நேர்ந்தது ஓரியோல்ஸுக்கும் நேரலாம் என்ற அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1979இல் ஏறத்தாழ 1.2 கோடி டாலருக்கு அணியை வாங்கிய எட்வர்ட் பென்னட் வில்லியம்ஸ், வாஷிங்டனின் புகழ்பெற்ற வழக்கறிஞர். அறுபது கிலோமீட்டர் தொலைவிலிருந்த தலைநகரம் 1971 முதல் பேஸ்பால் அணி இன்றி இருந்தது. மெமோரியல் மைதானம் பழையதாகிவிட்டது என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் அது ஓர் எச்சரிக்கையாகவே பால்டிமோரில் கேட்கப்பட்டது.

அணிகள் ஏன் இத்தனை அரிதான பொருளாயின என்பதற்கும் பால்டிமோரிலேயே விடையுண்டு. 1914–15இல் இயங்கிய மூன்றாவது லீக்கான ஃபெடரல் லீக் கலைந்தபோது, அதன் பால்டிமோர் சங்கம் ஏகபோகத் தடைச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுத்தது. 1922இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் ஆட்டங்கள் மாநிலங்களுக்கிடையிலான வணிகமாகா என்று கூறி அவ்வழக்கைத் தள்ளியது. அத்தீர்ப்பால், எந்த ஊரில் எத்தனை அணிகள் இருக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் ஆற்றல் உரிமையாளர்களின் கையில் உறுதிப்பட்டது. அணிகளின் இடமாற்றத்தைத் தடுக்கவும் அவ்வாற்றல் பயன்பட்டது என்பது உண்மை. 1972க்குப் பின் பல பத்தாண்டுகள் எந்தப் பேஸ்பால் அணியும் ஊர் மாறவில்லை. ஆனால் தடுப்பதும் விடுவதும் உரிமையாளர்களின் விருப்பமாகவே இருந்தது. முப்பதாண்டுகள் நாள்தோறும் ஆட்டம் கேட்ட ரசிகருக்கு அந்த அவையில் இடமில்லை.

மேரிலாண்ட் அரசு தேர்ந்தெடுத்த வழி, பணம் கொடுத்து அணியைத் தக்கவைப்பது. 1986இல் மைதான ஆணையம் ஒன்று நிறுவப்பட்டது. நகர மையத்துக்கு அருகே புதிய மைதானம் கட்ட, சிறப்பு லாட்டரி வருவாயைப் பின்புலமாகக் கொண்டு நிதி திரட்டத் திட்டமிடப்பட்டது. இதைப் பொதுவாக்கெடுப்புக்கு விட வேண்டும் என்று குடிமக்கள் குழு ஒன்று கையெழுத்து திரட்டியது. 1987இல் மாநில உயர் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தொழிற்சாலைகளும் மக்கள்தொகையும் சுருங்கிவந்த நகரில் பொதுப்பணம் எங்கே செல்ல வேண்டும் என்ற கேள்வி வாக்குப்பெட்டியை எட்டவேயில்லை.

இப்பின்னணியில்தான் மே 2இன் கூட்டத்தை வாசிக்க வேண்டும். அன்றிரவு ஆளுநர் வில்லியம் டொனால்ட் ஷேஃபரும் வில்லியம்ஸும் ஓர் அறிவிப்பை வெளியிட்டனர்: புதிய மைதானத்துக்கு ஓரியோல்ஸ் 15 ஆண்டுக் குத்தகைக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. கோல்ட்ஸ் வெளியேறியபோது நகரின் மேயராக இருந்தவர் ஷேஃபர். அன்று நகரம் இழந்ததற்கு ஈடாகவே இக்குத்தகை பார்க்கப்பட்டது. அரங்கில் எழுந்த ஆரவாரம் அணி எங்கும் போய்விடாது என்ற நிம்மதியின் ஒலியாகவும் இருந்தது. ஆட்டத்திலும் ஓரியோல்ஸ் 9–4 என வென்றது. எதிரணி டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். 1971வரை வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற பெயரில் ஆடி, அந்நகரை விட்டுப்போன அதே அணி.

அப்பருவம் 54 வெற்றி, 107 தோல்வி என முடிந்தது. ஆயினும் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் மைதானத்துக்கு வந்திருந்தனர். இதே அணி 108 ஆட்டங்கள் வென்று உலகத் தொடரையும் கைப்பற்றிய 1970இல் வந்தவர்கள் பத்தரை லட்சம் பேர்தான். இடைப்பட்ட காலத்தில் நாடெங்கும் பார்வையாளர் எண்ணிக்கை பெருகியதையும், அணியிழந்த வாஷிங்டன் பகுதியினர் பால்டிமோருக்கு வரத் தொடங்கியதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அவற்றைக் கழித்த பின்னும், வெற்றியே ரசிகரை இழுக்கிறது என்ற எளிய விளக்கம் இங்கே நிற்காது. கைநழுவிப் போகக்கூடிய ஒன்றின்மேல் பற்று இறுகியது.

அந்தப் பற்றின் பொருளாதாரப் பயன் யாருக்குச் சென்றது என்பதும் பதிவாகியுள்ளது. வில்லியம்ஸ் 1988 ஆகஸ்டில் மறைந்தார். அவ்வாண்டின் இறுதியில், வரலாற்றின் மிக மோசமான தொடக்கத்தைக் கண்ட அந்த அணி ஏறத்தாழ 7 கோடி டாலருக்கு விலைபேசப்பட்டது. அதன் மதிப்பு மைதானத்திலும் குத்தகையிலும், தோற்றாலும் திரும்பி வரும் மக்களிடத்திலும் இருந்தது. ஏப்ரல் தோல்விகளைப் பொறுத்துக்கொண்ட ரசிகர், தாம் அறியாமலே அச்சொத்தின் மதிப்பைக் கூட்டிக்கொண்டிருந்தார்; வரி செலுத்துபவராக அதற்குச் செலவும் செய்தார்.

1989இல் ஓரியோல்ஸ் 87 ஆட்டங்கள் வென்று, பருவத்தின் கடைசி வாரஇறுதிவரை முதலிடத்துக்குப் போட்டியிட்டது. கேம்டன் யார்ட்ஸ் எனும் புதிய மைதானம் 1992 ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டு, மற்ற நகரங்களின் மைதானங்களுக்கு முன்மாதிரியாயிற்று. பொதுப்பணத்தில் மைதானம் கேட்கும் உரிமையாளர்களுக்கும் அது முன்மாதிரியாயிற்று. 1996இல் பால்டிமோருக்கு மீண்டும் ஓர் அமெரிக்கக் கால்பந்து அணி கிடைத்தது. மாநிலம் கட்டித்தர இசைந்த மற்றொரு மைதானத்தை நம்பி, கிளீவ்லாந்திலிருந்து வந்தது அது. ஓரியோல்ஸும்கூட 1954இல் செயின்ட் லூயிஸ் நகரிலிருந்து பெயர்ந்து வந்த அணியே. பால்டிமோர் ரசிகரின் மகிழ்ச்சி ஒவ்வொன்றின் மறுபுறத்திலும் வேறோர் ஊரில் ஒரு ரசிகர் தம் அணியை இழந்திருந்தார். அவரும் பல ஏப்ரல்களில் தோல்விக் கணக்கைப் பொறுமையாக எழுதி வைத்தவர்தான்.