கேளா ஒலிகள்: தாம்பரமும் சென்னையின் தென்புறநகரும்

மனிதச் செவி ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை அதிர்வெண் கொண்ட ஒலிகளை மட்டுமே உணர வல்லது. ஒரு நொடியில் நிகழும் அதிர்வுகளின் எண்ணிக்கையே அதிர்வெண் எனப்படும். இந்த எல்லைக்குக் கீழுள்ளது குற்றொலி, மேலுள்ளது மீயொலி. மேல் எல்லை எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை. வயது ஏற ஏற அது இறங்கி, நடுவயதைக் கடந்தோர் பலருக்கு 15,000 ஹெர்ட்ஸுக்கும் கீழே வந்துவிடுகிறது.

குற்றொலியைக் காற்று மிகக் குறைவாகவே உறிஞ்சுவதால் அது நெடுந்தொலைவு செல்கிறது. 2022 ஜனவரி 15 அன்று தென் பசிபிக்கில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது, இந்திய நேரப்படி காலை 9.45 மணியளவில் எழுந்த அழுத்த அலை, புவிப்பரப்பை ஒட்டியபடி ஒலியின் வேகத்துக்கு நெருங்கிய வேகத்தில் பரவி, சுமார் 12,000 கிலோமீட்டர் கடந்து அன்றிரவு எட்டரை மணியை ஒட்டிச் சென்னையை அடைந்தது. ஓர் அதிர்வுக்கே பல நிமிடம் எடுத்துக்கொண்ட அவ்வலை எவர் செவிக்கும் எட்டவில்லை. காற்றழுத்தமானிகளே அதைச் சிறு ஏற்ற இறக்கமாகக் காட்டின.

மீயொலியின் இயல்பு இதற்கு நேர்மாறானது. காற்றில் அது விரைவில் தேய்ந்துவிடும். ஆனால் அலைநீளம் குறுகியதாகையால், மிகச் சிறிய பொருளிலும் பட்டு எதிரொலிக்கும். தாம்பரம் கிறித்தவக் கல்லூரி வளாகம், வண்டலூர்க் காப்புக்காடு ஆகியவற்றை ஒட்டிய தெருவிளக்குகளைச் சுற்றி அந்தியில் பறக்கும் சிறு வௌவால்கள் இந்த எதிரொலியைக் கொண்டே பூச்சி பிடிக்கின்றன. 40,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஒன்பது மில்லிமீட்டருக்கும் குறைவு, அதாவது சிறு பூச்சி ஒன்றின் உடலளவே.

ஓர் ஊடகத்திலிருந்து முற்றிலும் வேறான இன்னோர் ஊடகத்தின் எல்லையை அடையும்போது மீயொலி பெரும்பாலும் திரும்பிவிடுகிறது என்பதே அதன் பயன்பாடுகள் பலவற்றுக்கும் அடிப்படை. ஸ்கேன் மையத்தில் வயிற்றின் மேல் ஜெல் தடவுவது தோலுக்கும் கருவிக்கும் இடையிலுள்ள காற்றை நீக்கத்தான். காற்று நிறைந்த நுரையீரலின் உட்புறத்தை மீயொலியால் எளிதில் காண முடியாததும் இதே காரணத்தால். 1928இல் டேவிட் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் காசநோய் மருத்துவமனை போன்ற இடங்களில் மார்பு எக்ஸ்-ரே முதன்மை பெற்றிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், ஒளியும் வானொலி அலையும் அதிகம் ஊடுருவ முடியாத கடலடியை ஒலியால் அறியும் கருவிகளை உருவாக்கிச் சோதித்துவருகிறது.

நுரையீரலில் தடையாக நிற்கும் அதே காற்று தண்டவாளத்தில் துணையாகிறது. எஃகினுள் உண்டாகும் மயிரிழைப் பிளவு, வெளியே தெரியாவிட்டாலும், தன்னுள் உள்ள காற்றால் மீயொலியைத் திருப்பியனுப்பும் எல்லையாக அமைந்துவிடுகிறது. 1931இல் மின்மயமான கடற்கரை–தாம்பரம் தடம் உள்பட இந்திய ரயில்வேயின் தடங்களில் இத்தகைய பிளவுகளைத் தேடும் மீயொலிச் சோதனை கால இடைவெளியில் நடத்தப்படுகிறது. ஊழியர்கள் தள்ளிச்செல்லும் சிறு வண்டியின் அடியில், மின்துடிப்பை அதிர்வாகவும் அதிர்வை மின்துடிப்பாகவும் மாற்றும் படிகங்களைக் கொண்ட புரோபுகள் தண்டவாளத்தின் மேற்பரப்பைத் தொட்டபடி நகர்கின்றன. வண்டியிலுள்ள தொட்டியிலிருந்து சொட்டும் தண்ணீர், ஸ்கேன் மையத்தில் ஜெல் செய்யும் வேலையை இங்கே செய்கிறது. செங்குத்தாக இறங்கும் கற்றை 40 லட்சம் ஹெர்ட்ஸ் கொண்டது. எஃகில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் செல்வதால் அதன் அலைநீளம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவே. தண்டவாளத்தின் தலைப்பகுதியில் குறுக்காக வளரும் பிளவு செங்குத்துக் கற்றைக்கு அகப்படாது என்பதால், முன்னும் பின்னும் 70 பாகை சாய்ந்த கற்றைகளும் செலுத்தப்படுகின்றன. திரும்பிவரும் எதிரொலி திரையில் கூர்முனையாக எழுகிறது. அந்த முனை பிளவினுடையதா, போல்ட் துளையினுடையதா என்று பிரித்தறிவது பயிற்சி பெற்ற கண்ணின் வேலை. இச்சோதனையின் நம்பகம் கருவியைவிட அந்தக் கண்ணையே அதிகம் சார்ந்தது எனலாம்.

உடனடியாக அகற்ற வேண்டிய பழுது எனத் தெரிந்தால், தண்டவாளத்தின் இருபுறமும் சிவப்புச் சாயத்தில் மூன்று பெருக்கல் குறிகள் இடப்படுகின்றன; கண்காணித்தால் போதும் என்ற நிலையிலுள்ள பழுதுக்கு ஒரு குறி. முதல் வகைத் துண்டை மூன்று நாள்களுக்குள் மாற்ற வேண்டும் என்பது விதி. எனினும் தண்டவாள அடித்தட்டின் இரு ஓரங்களும் இக்கற்றைகளின் பாதைக்குள் வருவதில்லை, கடற்கரைப் பகுதிகளில் துரு அரிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். எனவே தடத்தில் நாள்தோறும் நடந்து பார்க்கும் கீமேனின் பணியை மீயொலி இன்னும் விலக்கிவிடவில்லை.