வழுதுணை போய் வந்த வழி

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வரும் என்பர். அது கடல் கடந்து, பெயர் மாறி, மீண்டும் நம் கடைத்தெருவுக்கே வந்த கதையை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

தமிழன் அதற்கிட்ட பழம்பெயர் வழுதுணை. புல்வேளூர்ப் பூதன் அளித்த ஏழை விருந்தைப் போற்றி ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலில் வரும் காய் இதுதான். மலையாளத்தில் வழுதன, கன்னடத்தில் பதனெ, தெலுங்கில் வங்க. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்! வடமொழியின் 'வாதிங்கண'வும் திராவிடத்திடம் பெற்ற கடனே என மொழிநூலார் பலர் கருதுவர். (கடன் பத்திரம் எழுதித் தரும் வழக்கம் மொழிகளுக்கு இல்லை!) அதனைப் பாரசீகர் 'பாதிங்கான்' என்றனர்; அராபியர் 'பாதின்ஜான்' என்றனர்; போர்ச்சுகீசியர் 'பெரிஞ்செலா' ஆக்கினர். 1498-இல் அவர்கள் மேலைக் கடற்கரையில் இறங்கிய பின்னர், அச்சொல்லே இந்திய ஆங்கிலத்தில் 'பிரிஞ்சால்' ஆயிற்று. வழுதுணை என்றதும் விழிக்கும் நம் மாணவர், பிரிஞ்சால் என்றதும் தலையசைக்கின்றனர்!

இத்தாலியரோ 'மெலன்சானா' என்றழைத்து, அதற்குள் 'மேலா இன்சானா', அதாவது பித்து ஆப்பிள், என்றொரு பொருளையும் புகுத்தினர். பெயரைத் திரித்தவர்கள் திரிந்த பெயருக்கே அஞ்சினர்; தின்றால் அறிவு கலங்கும் என்றனர். 1597-இல் ஆங்கிலேயர் ஜான் ஜெரார்டு தம் மூலிகை நூலில் இதனைப் 'பித்து ஆப்பிள்' என்றே குறித்து, உண்ணாது விலக்குமாறு அறிவுரையும் கூறினார். நம் உழவர் வாட்டித் தின்று வயலுக்குப் போய்க்கொண்டிருந்த காய் அது! 1767-இல் லின்னேயசு கத்தரியின் காட்டு இனத்துக்கு இட்ட பெயர் 'சோலானம் இன்சானம்'. அந்தப் பித்து இன்றும் தாவர நூல்களில் அச்சேறி வருகிறது.