கங்காணியின் கண்ணும் கேமராவின் கண்ணும்



நம் பாட்டன்மார் காலத்தில் பேராக் ரப்பர் தோட்டங்களில் விடியுமுன்னே பெரட்டு நடந்தது. துரை ஒருவர்; தொழிலாளரோ நூற்றுக்கணக்கானோர். அத்தனை பேரையும் துரை பார்க்கவில்லை. ஒவ்வொரு கங்காணியும் தம் ஆட்களை எண்ணினார். கிராணி செக்ரோலில் எழுதினார். துரையின் மேசைக்குப் போனது கணக்கு மட்டுமே.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவசரகாலம் பிறந்தது. 12 வயதைத் தாண்டியவர்களுக்கெல்லாம் அடையாள அட்டை வந்தது. லயங்கள் பலவற்றைச் சுற்றி முள்வேலி எழுந்தது, வாசல்தோறும் சோதனை. 1960 ஜூலை 31 வரை அது நீடித்தது.

இன்று அந்த வேலை கேமராவிடம் வந்திருக்கிறது. 1942இல் ஜெர்மனியில் ராக்கெட் சோதனையைத் தொலைவிலிருந்து பார்க்கக் கேமராவைப் பயன்படுத்தினர். அப்போது திரைமுன் மனிதர் உட்கார்ந்தே ஆகவேண்டும். 2012 செப்டம்பரில் நம் நாட்டில் ஏஇஎஸ் என்னும் தானியங்கிக் கேமராக்கள் 14 இடங்களில் இயங்கத் தொடங்கின. அவற்றில் சில பேராக்கில் இருந்தன.

அது எப்படி வேலை செய்கிறது? ஓடும் வண்டிகளையெல்லாம் படமெடுத்துத் தலைமையகத்துக்கு அனுப்பினால் கம்பியும் தாங்காது, பார்க்க ஆளும் போதாது. ஆகவே சாலையோரக் கருவியே வேகத்தை அளக்கிறது. வரம்பு மீறிய வண்டியின் படத்தை மட்டும் அனுப்புகிறது. மையத்தில் எண் பலகையைச் சரிபார்த்து, வண்டிக்காரரின் முகவரிக்குச் சம்மன் அனுப்புகிறார்கள். கங்காணி, கிராணி, துரை என்ற அதே வேலைப் பிரிவினைதான்!

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. கங்காணி தவறாக எழுதினால் அன்று மாலையே அவர் வீட்டு வாசலில் நின்று கேட்கலாம். கம்பத்துக் கருவியை யாரிடம் கேட்பது? மக்கள் கேட்டார்கள். தனியார் நிறுவனங்கள் இதை நடத்தலாமா என்றும் வாதிட்டார்கள். அவ்வாண்டு டிசம்பரிலேயே அந்த வழக்குகள் நிறுத்தி வைக்கப்பட்டன. 2018 செப்டம்பரில் 300 வெள்ளி அபராதம் 150 ஆயிற்று.

ஆகவே நேயர்களே, சாலையில் நிதானமாகச் செல்வோம். வேகம் உயிரைக் குடிக்கும். தோட்டத்தை விட்டு வீடு மாறினால், சாலைப் போக்குவரத்துத் துறையில் முகவரியையும் மாற்றுவோம். சம்மன் வந்தால் தூக்கி எறியாமல் நாள், இடம், வண்டி எண் மூன்றையும் படித்துப் பார்ப்போம். தவறென்றால் நீதிமன்றத்தில் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. செக்ரோலைப் படிக்கத் தெரியாமல் நம் முன்னோர் இழந்த கூலியை நாம் மறக்கலாமா?