பள்ளியைத் தேர்ந்தெடுத்தது யார்?



கடந்த பள்ளி விடுமுறையில் ஒரு தாய் என்னைக் காண வந்தார். கணவருக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து குடிபெயர வேண்டும். மூத்த மகள் நான்காம் ஆண்டிலும் இளைய மகன் முதலாம் ஆண்டிலும் படிக்கின்றனர். இருவரும் பயில்வது தோட்டத்தின் பெயரை இன்னும் தாங்கி நிற்கும் ஒரு சிறிய தமிழ்ப்பள்ளி. மொத்த மாணவர்களே நாற்பதுக்கும் குறைவு.

"இங்கேயே விட்டுவிடலாமா டீச்சர்? இல்லை, வழியில் செம்மோரில் சேர்க்கலாமா? ஈப்போவில் பெரிய பள்ளியாகப் பார்க்கலாமா? நாங்கள் போய்விட்டால் இந்தப் பள்ளிக்குப் பாவம் இல்லையா?" என்று கேட்டார்.

அவருடைய கடைசிக் கேள்விதான் என்னை இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. அதற்கு விடை காண நம் வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

தேர்வே இல்லாத காலம்

1877ஆம் ஆண்டு பேராக்கின் கோலகங்சாரில் கித்தா கன்றுகள் நடப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கித்தாத் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் வந்து சேர்ந்தனர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, 7 முதல் 14 அகவைக்குட்பட்ட பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைத்துத் தர வேண்டும். இப்படித்தான் லயத்துக்கு அருகில் பள்ளிக்கூடங்கள் எழுந்தன. தொடக்கக் காலத்தில் பல இடங்களில் கிராணியோ கங்காணியோ எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளரோதான் அங்கே ஆசிரியர்.

அதே காலத்தில் ஈப்போ பட்டணத்தில் 1895இல் தோன்றிய ஆங்கிலோ சீனப் பள்ளியும், 1912இல் தோன்றிய செயிண்ட் மைக்கல் பள்ளியும் ஆங்கிலக் கல்வி அளித்து வந்தன. சுங்கை சிப்புட்டுக்கும் ஈப்போவுக்கும் இடைவெளி ஏறக்குறைய 30 கிலோமீட்டர்தான். ஆயினும் பால்மரம் வெட்டியவரின் பிள்ளைக்கு அந்தப் பள்ளிகள் எட்டாத தொலைவில் இருந்தன. விடியற்காலைப் பெரட்டுக்குப் போகும் பெற்றோர் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கவில்லை. தோட்டத்தின் எல்லைக்கோடே அவர்களுக்காகத் தேர்ந்தெடுத்தது.

இந்த நிலையை மாற்ற முயன்றவர்களும் உண்டு. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ.தி. சம்பந்தன் 1954இல் அவ்வூரில் மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கினார். திருமதி விஜயலட்சுமி பண்டிட் அதனைத் திறந்து வைத்தார். தோட்டத்துக்கு வெளியே, பட்டணத்தில், நம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளி! அன்றைய நிலையில் அது பெரிய செய்தி.

தோட்டம் உடைந்தது

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டில் தமிழ்ப்பள்ளிகளின் எண்ணிக்கை 888. இன்று ஏறத்தாழ 530. இந்த இரண்டு எண்களையும் மேடையில் சொல்லி, "பெற்றோர் தாய்மொழிப் பற்றை இழந்துவிட்டனர்" என்று குறைகூறுவோர் பலர். அது முழு உண்மையன்று. 1957இல் தமிழ்ப்பள்ளிகளில் பயின்றோர் ஏறக்குறைய 50,000 பேர். 2000ஆம் ஆண்டுகளிலோ அத்தொகை 1 இலட்சத்தைத் தாண்டியது! இன்று மீண்டும் 1 இலட்சத்திற்குக் கீழே இறங்கியிருப்பது உண்மை. ஆயினும் அந்த அரை நூற்றாண்டில் பள்ளிகள் குறைந்தன, பிள்ளைகள் பெருகினர். இது எப்படி?

1950, 60ஆம் ஆண்டுகளில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டுச் சிறு முதலாளிகளுக்கு விற்கப்பட்டன. இதைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். பின்னர்க் கித்தா போய்ச் செம்பனை வந்தது. வேலைக்குத் தேவைப்பட்ட ஆள்கள் குறைந்தனர். வீடமைப்புத் திட்டங்களும் தோட்ட நிலத்தை விழுங்கின. மக்கள் பட்டணத்துத் தாமான்களுக்கும் கம்பங்களுக்கும் நகர்ந்தனர். பள்ளிக் கட்டடமோ செம்பனைக் காட்டுக்குள்ளேயே நின்றது. பல பள்ளிகளின் நிலம் தோட்ட உரிமையாளருடையது என்பதால் அவை பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே இருந்தன. மாணவர் இல்லாத பள்ளிகள் மூடப்பட, பட்டணத்துத் தமிழ்ப்பள்ளிகள் நிரம்பி வழிந்தன.

ஒரே மோட்டார் வண்டி

எங்கள் குடும்பமும் அப்படி நகர்ந்த ஒன்றுதான். 1988இல் தோட்டத்தில் கித்தா மரங்களைச் சாய்த்தபோது நான் மூன்றாம் ஆண்டு மாணவி. ஈப்போவின் புறநகரில் ஒரு வாடகை வீட்டில் குடியேறினோம். தமிழ்ப்பள்ளி ஐந்து மைல் தொலைவில் இருந்தது. தேசியப்பள்ளியோ நடந்துபோகும் தூரம். அப்பாவிடம் இருந்தது ஒரு பழைய மோட்டார் வண்டி. வேலைக்குப் போகும் வழியில் ஒரு பிள்ளையைத்தான் ஏற்றிச் செல்ல முடியும். பள்ளிப் பேருந்துக்கு இருவருக்கும் கட்டணம் கட்ட வழியில்லை.

"படிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைய நடுவுல மாத்தாதே. புதுசா சேர்றவனைப் பக்கத்துல போடு" என்றார் பெரியப்பா. அப்படியே நடந்தது. நான் தமிழ்ப்பள்ளிக்குப் போனேன். தம்பி தேசியப்பள்ளிக்குப் போனான்.

தம்பி நன்றாகவே படித்தான். நல்ல பணியிலும் இருக்கிறான். நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்று தமிழாசிரியை ஆனேன். ஆனால், அப்பா மறைந்தபின் அவர் தமிழில் எழுதி வைத்திருந்த குறிப்பேட்டை நான் படித்துச் சொல்ல, தம்பி கேட்டுக்கொண்டிருந்தான். "இந்தப் பக்கத்துல என்னைப் பத்தி ஏதாவது எழுதியிருக்காரா அக்கா?" என்று ஒருமுறை கேட்டான். அப்பாவுக்கு மொழிப்பற்று இல்லை என்று யாரேனும் சொன்னால் நான் ஏற்கமாட்டேன். அவரிடம் இல்லாதது இன்னோர் இருக்கை மட்டுமே!

அந்தத் தாய்க்கு நான் சொன்னது

"உங்கள்மீது பாவம் இல்லையம்மா. ஒரு பள்ளியைக் காப்பாற்றும் சுமையை நான்காம் ஆண்டுப் பிள்ளையின் தோளில் ஏற்றக்கூடாது. நாள்தோறும் 60 கிலோமீட்டர் பயணம் அவளுக்கு வேண்டாம். பெரிய பள்ளியா சிறிய பள்ளியா என்பதையும் முதலில் பார்க்க வேண்டாம். காலையில் யார் கொண்டுபோய் விடுவார், மாலையில் யார் அழைத்து வருவார் என்று பாருங்கள். இருவரும் ஒரே பள்ளிக்குப் போக முடியுமா என்று பாருங்கள். பாடம் நடக்கும் நாளில் நேரில் சென்று தலைமையாசிரியரிடம் பேசுங்கள்" என்றேன்.

வேறு வழியின்றித் தேசியப்பள்ளியில் சேர்ப்போர்க்கும் ஒரு செய்தி உண்டு. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தேசியப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வழி உண்டு. கேட்காமல் விட்டால் கிடைக்காது. என் தம்பி படித்த காலத்தில் எங்கள் பெற்றோருக்கு இதை எடுத்துச் சொல்ல யாருமில்லை.

இனி நமக்கு, அதாவது ஆசிரியர்க்கும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கும் ஒரு சொல். 150க்கும் குறைவான மாணவர் கொண்ட பள்ளிகள் நம்மிடையே ஏராளம். அவற்றைக் காக்க வேண்டுமானால் பெற்றோரைக் குறைகூறுவதை நிறுத்திவிட்டு, பேருந்துக்கு வழி தேடுவோம். பேருந்தும் எட்டாத இடமானால், பிள்ளைகள் வாழும் இடத்திற்கே பள்ளியை இடம்மாற்றக் கோருவோம். எங்கள் வீட்டில் இருவரில் யாரை ஏற்றிச் செல்வது என்று அப்பா முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவை இன்றைய பெற்றோர் எவரும் எடுக்க நேரக்கூடாது.

அந்தத் தாய் இரண்டு பள்ளிகளை நேரில் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார். அவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் அது அவரே தேர்ந்தெடுத்ததாக இருக்கட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.